பதினோரு மாத வாழை

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர் நிச்சயமாக வாடகை வீட்டில் குடியிருந்திருக்க மாட்டார். ஆடியில் யாரும் வீடு மாறுவதில்லை. அதனால் மார்கழியை விட்டால் குடித்தனக்காரன் நிம்மதியாகத் தூங்குகிற மாதம் அது ஒன்றுதான். அந்த நிம்மதியில் நான்கு வெண்டை விதையை ஊன்றுவான். காய் பறிக்க நாற்பத்தைந்து ஐம்பது நாள் ஆகும். அதற்குள் ஆவணி பிறந்துவிடும். ஆவணி பிறந்தால் கல்யாணம் வரும், கிரகப்பிரவேசம் வரும், வீட்டுக்காரரின் மகன் அமெரிக்காவிலிருந்து நிரந்தரமாகத் திரும்பப் போகிறான் என்ற சேதியும் வரும். அந்த மகன் ஒருநாளும் வந்ததில்லை. வாடகையை இரண்டாயிரம் ஏற்றிக் கொடுத்ததும் அங்கேயே தங்கிவிடுகிறான்.

இந்த லட்சணத்தில் எங்களுக்கு உபதேசத்துக்குக் குறைவில்லை. காலையில் டிவியைப் போட்டால் ஒரு டாக்டர், நஞ்சில்லாத காய்கறியை நாமே விளைவித்துச் சாப்பிட்டால் நூறு வயது வாழலாம் என்கிறார். வாரப் பத்திரிகையைப் புரட்டினால் ஒரு அம்மாள் தன் இரண்டாயிரம் சதுர அடி மாடியில் டிராகன் பழத்தோடு சிரிக்கிறார். அப்பளம், வடாம், சீயக்காய், பாத்திரம் தேய்க்க எலுமிச்சைத்தோல் கரைசல், எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யலாமாம். செய்யலாம்தான். எந்த வீட்டில்? தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தளை கொடுக்கிறது. வளர்ப்புப் பை, தென்னை நார்க்கழிவுக் கட்டி, விதை, அசோஸ்பைரில்லம், வேப்பெண்ணெய் எல்லாம் அதில் இருக்கும். ஒன்றுதான் இருக்காது, மாடிச் சாவி.

மாடிச் சாவி ஓனரின் இடுப்பில் இருக்கிறது. கேட்டால், 'செடி வெச்சா தளம் ஊறும் தம்பி' என்று முனகிக்கொண்டேதான் தருவார். ஈரத்தோடு சேர்த்து எடை போட்டாலும் ஒரு பை பத்துப் பதினைந்து கிலோ தேறும். அதே தளத்தின் மூலையில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. தண்ணீர் மட்டுமே ஒரு டன். அதற்குத் தளம் ஊறாது. பக்கத்து வீட்டு மாடியில் செல்போன் கோபுரம் நிற்கிறது. அது மாதாமாதம் வாடகை தருவதால் அதன் எடை தளத்துக்குத் தெரிவதேயில்லை. என் தக்காளிச் செடியின் பாரம் மட்டும் அஸ்திவாரம் வரை இறங்கிவிடுகிறது. உண்மையில் ஒழுகுவதற்குக் காரணம், தட்டோடு பதித்தபோது கொத்தனார் வாட்டம் கொடுக்காததும், கொடுக்கச் சொன்ன காசை ஓனர் மிச்சம் பிடித்ததும். பழி கத்தரிக்காய்க்கு.

அடுத்தது தண்ணீர். சென்னைக்குக் குடிநீர் தரும் முக்கிய ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்த 2019 கோடையில் அரிசி கழுவிய தண்ணீரையும், ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரையும் வாளியில் பிடித்துத்தான் செடிக்கு ஊற்றினோம். 'நிலத்தடி நீரெல்லாம் உங்க செடியே குடிச்சிடுது' என்று கீழிருந்து குரல் வந்தது. குரல் வந்த இடத்தில் ஓனர் டியூப் வைத்துக் காரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கார் நிற்கிற இடத்துக்கு அடியில்தான் மழைநீர் சேகரிப்புத் தொட்டி இருக்கிறது. 2003இல் அரசு கட்டாயமாக்கியபோது தோண்டியது. பிறகு அதன் மேல் அழகான சாம்பல் நிற டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். வானத்திலிருந்து வரும் நீர் தெருவுக்குப் போகிறது. நிலத்தடி நீர் குறைந்ததற்கு என் புதினாத் தொட்டி பொறுப்பு.

கரண்ட்டைப் பற்றி இரண்டே வரி. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட்டை அரசு இலவசமாகக் கொடுக்கிறது. எங்கள் சப்மீட்டரில் முதல் யூனிட்டே எட்டு ரூபாய். இலவசம் படியேறி வரும் வழியில் கீழ்வீட்டில் காப்பி குடித்துவிட்டு அங்கேயே படுத்துவிடுகிறது.

என்ன வளர்க்கலாம் என்று தோட்டக்கலை நிபுணர்கள் மண்ணை வைத்துச் சொல்வார்கள். குடித்தனக்காரன் அக்ரிமெண்ட்டை வைத்துத்தான் சொல்ல முடியும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம். அதற்குப் பயந்து கண்டுபிடித்ததுதான் பதினோரு மாதம். வாடகை ஒப்பந்தம் எதுவானாலும் பதிய வேண்டும் என்று புதுச் சட்டம் வந்த பிறகும் அந்தப் பதினொன்று அசையவில்லை. வாழையைப் பாருங்கள். கன்று ஊன்றிக் குலை வெட்டப் பதினோரு மாதம், பன்னிரண்டு மாதம். பூ தள்ளிக் காய் முற்றும்போது அக்ரிமெண்ட் முடியும். வாழைக்கும் வீட்டுக்காரருக்கும் இப்படி ஒரு பொருத்தத்தை எந்த ஜோசியரும் சேர்த்துவைக்க முடியாது. எலுமிச்சை காய்க்க மூன்று வருஷம். தென்னையைப் பற்றி நினைக்கவே கூடாது. பெரியகுளத்தில் ஆறே மாதத்தில் காய்க்கிற பி.கே.எம்.1 முருங்கையைக் கண்டுபிடித்தார்கள். யாரோ ஒரு விஞ்ஞானி வாடகை வீட்டில் இருந்திருக்க வேண்டும். மற்றபடி எங்களுக்கு விதிக்கப்பட்டது சிறுகீரை. இருபத்தைந்து நாளில் அறுத்துவிட்டு மூட்டை கட்டத் தயாராகலாம்.

இதெல்லாம் தாண்டி ஏதாவது காய்த்துவிட்டால் பங்கு கேட்க வருவார்கள். கேட்கக்கூட மாட்டார்கள். குடியிருக்கிற வீட்டுக்குள் நுழைய 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க வந்தவர் பால்கனியில் கறிவேப்பிலையை ஒடித்துக்கொண்டு போவதற்கு எத்தனை மணி நேரம் என்று அதில் இல்லை. நிலத்தில் உழுத குத்தகைதாரனை நினைத்தபடி வெளியேற்றக் கூடாது என்று 1955லேயே பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். பைக்குள் உழுதவனுக்கு ஒன்றும் இல்லை.

நாங்கள் குடியிருந்தது 'சைவம் மட்டும்' என்று போர்டு மாட்டிய வீட்டில். கருவாட்டு வாசம் படியிறங்கினால் வீட்டின் மதிப்பே இறங்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு. சரி, வீட்டுக்குள் சமைக்கவில்லை. மீன் மார்க்கெட்டில் கழித்துப் போடும் தலையும் செதிலும் வாங்கிவந்து, சரிக்குச் சரி வெல்லம் போட்டு மூடிவைத்தால் மூன்று வாரத்தில் பழவாசனையோடு மீன் அமிலம் தயாராகிவிடும். தண்ணீரில் கொஞ்சம் கலந்து தெளித்தால் இலை கறுகறுவென்று மின்னும். எங்கள் அகத்தி அப்படித்தான் மின்னியது. ஏகாதசி விரதம் இருந்த வீட்டம்மா துவாதசிப் பாரணைக்கு அந்தக் கீரையைத்தான் மடியாக வந்து பறித்துக்கொண்டு போனார். 'கடைக் கீரைக்கு இந்த ருசி வராதுப்பா' என்று மறுநாள் பாராட்டினார். மத்திமீனின் சார்பில் நான் ஏற்றுக்கொண்டேன்.

காலி செய்கிற நாளன்று ஓனர் டார்ச் லைட்டோடு மாடிக்கு வந்தார். பட்டப்பகலில் டார்ச் எதற்கு என்று கேட்காதீர்கள். பைகளை ஒவ்வொன்றாக நகர்த்தச் சொல்லி, அடியில் இருந்த வட்டக் கறைகளைக் குனிந்து எண்ணினார். கறைக்கு ஒரு தொகை. பெயிண்டிங்குக்கு வழக்கமான ஒரு மாத வாடகை. ஆணி அடித்த ஓட்டைக்குத் தனியாக. வாடகையில் மூன்று மடங்குக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று 2017ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் என்ற வாலோடு. அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் சென்னை முழுக்கப் பத்து மாத அட்வான்ஸ் நடக்கிறது. கழித்தது போக மிச்சத்தைக் கையில் வைத்தவர், செடிகளைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார்.

'இதுங்களை எங்க தம்பி தூக்கிட்டு அலைவீங்க? புது வீட்டுல மாடி இல்லைன்னீங்களே. இங்கயே இருந்துட்டுப் போகட்டும். பாவம், உசிருள்ளது.'

தளம் ஊறும் என்றவர். நிலத்தடி நீரைக் குடித்துவிடும் என்றவர். கறைக்குக் காசு பிடித்த கை இன்னும் மடங்கவில்லை. அந்த வாரமே விளம்பரம் வந்தது. இரண்டு படுக்கையறை, கார் பார்க்கிங், 'இயற்கை மாடித்தோட்டத்துடன்', வாடகை மூவாயிரம் கூடுதல். புகைப்படத்தில் என் அவரைப் பந்தல். நண்பர் ஒருவரை விட்டு அந்த நம்பருக்குப் பேசச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன்.

'தோட்டமா? நாங்களே பார்த்துப் பார்த்து வளர்த்தது சார். பதினோரு மாசம் அக்ரிமெண்ட், பத்து மாச அட்வான்ஸ். தண்ணி நீங்கதான் ஊத்திக்கணும். காய்ல பாதி நமக்குக் கொடுத்துடுங்க. அதெல்லாம் நேர்ல பேசிக்கலாம். முதல்ல ஒண்ணு சொல்லுங்க, நீங்க என்ன ஆளுங்க?'