காணொளியர் ஒழுகலாறு: ஒரு சிற்றாராய்ச்சி

வீடியோ போடுவோர் தளத்துக்குத் தளம் எவ்வாறு ஒழுகுவர் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம் ஆய்வாளரின் கைப்பேசி. ஆய்வுக்காலம் இரவுச் சாப்பாட்டுக்கும் சார்ஜ் தீர்வதற்கும் இடைப்பட்டது.

தளம் இருவகைத்து: ஊர் கூடுவது, ஒதுங்குவது. யூடியூப், இன்ஸ்டாகிராம் முன்னது. மோஜ், ஜோஷ், சிங்காரி, ரம்பிள் பின்னது. டிக்டாக் எவ்வகை எனின், 2020 ஜூன் 29 வரை ஊர். மத்திய அரசு 59 செயலிகளைத் தடைசெய்தபின் இந்நாட்டில் பாழூர். அங்கிருந்தோர் சிலர் மோஜுக்கும் சிங்காரிக்கும் குடிபோயினர். அடுத்த மாதமே ரீல்ஸும் செப்டம்பரில் ஷார்ட்ஸும் கடை விரிக்க, பால் காய்ச்சிய கையோடு சாமானை மறுபடி வண்டியில் ஏற்றினர்.

ஓரிடத்து வீடியோவை அதன் முத்திரையோடே வேறிடத்தில் ஏற்றுவது இவர்தம் தொல்வழக்கு. பிற செயலி முத்திரை தெரியும் ரீல்ஸைப் பரிந்துரைக்க மாட்டோம் என 2021இல் இன்ஸ்டாகிராம் சொன்னது. முத்திரை இருந்த மூலையில் சிரிக்கும் எமோஜி ஒன்று குடியேறியது.

இனி ரசம். யூடியூபில் ரசம் கொதிக்க எட்டு நிமிடம் ஆகும். நடுவே விளம்பரம் நுழைய முன்பு பத்து நிமிட நீளம் வேண்டும். 2020 ஜூலையில் அது எட்டானது. ரசமும் சீக்கிரம் கொதிக்கத் தொடங்கிற்று. அதே ரசம் ரீல்ஸில் முப்பது நொடியில் இறங்கிவிடும். புளி கரைத்ததை யாரும் பார்த்ததில்லை. ஆகவே கொதிநிலை அடுப்பைப் பொறுத்ததன்று என்க.

ஒதுங்கும் தளத்தில் இவர் நடத்தை யாது? குற்றக்கதை சொல்லும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். யூடியூபில் ‘கொலை’ என்ற சொல்லுக்குப் பீப் போடுவார். மஞ்சள் டாலர் வந்து வருமானம் குறையுமோ என்ற பயம். “முழு உண்மையையும் அங்க பேசுறேன் மக்களே, லிங்க் டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு” என்பார். நம்பிப் போனால் அதே வீடியோ, அதே பீப். பெல் பட்டனே இல்லாத இடத்தில் “பெல் பட்டனை அழுத்துங்க” என்கிறார். கமெண்ட் இரண்டு, ஒன்றில் ‘சூப்பர் மாமா’ என்றிருப்பதால் அது மச்சான் போட்டதென ஊகிக்கலாம்.

அற்றேல், போவானேன்? போகிறேன் என்று சொல்வதற்கு. ‘யூடியூபுக்கு குட்பை’ என்னும் வீடியோ யூடியூபில்தான் ஓடும். ஆய்வாளர் கடைசியாகக் கண்ட விடைபெறலின் நீளம் எட்டு நிமிடம் இரண்டு நொடி. விம்மலுக்கு முன் ஒரு விளம்பரம், பின் ஒரு விளம்பரம்.