எல்லாம் ஒண்ணுதாண்ணே!

பெருமுக்கல்லில் தொடங்கித் திண்டிவனம் வரை, மரக்கதவில் மயிலும் கலசமும் செதுக்கும் சிஎன்சி ரவுட்டர் எங்கே இருந்தாலும் பக்கத்தில் ஓர் ஆலோசகரும் இருப்பார். சம்பளம் கிடையாது, டீ உண்டு. மெஷினோடு வந்த பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டதும் முதல் ஆளாக வந்து நிற்பார். "புதுப் பெட்டியில பேரலல் போர்ட் இல்லையா? ஒரு கார்டை வாங்கிச் சொருகுங்க. எல்லாம் ஒண்ணுதாண்ணே!" ஸ்லாட்டில் உட்கார்ந்தால் ஓடும் என்பது அவர் சித்தாந்தம். பிரிண்டர் வரைக்கும் அது செல்லும். காகிதம் அரை நொடி தாமதமாக வந்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ரவுட்டரை ஓட்டும் மேக்3 மென்பொருளோ அதன் குறைந்தபட்ச வேகத்திலேயே நொடிக்கு 25,000 தடவை அந்த 25 பின் போர்ட்டைக் கவனிக்கிறது. மோட்டாருக்குப் போகும் துடிப்புகளில் நடுவே சில தவறினால் மயிலின் கழுத்து ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். (பெருமுக்கல் மலைப் பாறையில் ஆதிமனிதன் கீறிய உருவங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. டிரைவரே தேவைப்படவில்லை.)

"அவர் சொல்லி முன்னே ஓடியிருக்கிறதே?" என்று கேட்கலாம். ஓடியது உண்மைதான், புண்ணியம் அவருடையதல்ல. அன்றைக்கு போர்ட் மதர்போர்டிலேயே இருந்தது, அதன் முகவரி பெரும்பாலும் 378, மென்பொருள் தேடியதும் அதையேதான். பிசிஐ கார்டுக்கு வேறு முகவரி விழும். ஸ்லாட்டை மாற்றினால் அதுவும் மாறலாம். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ரிசோர்சஸ் பக்கத்தில் பார்த்து, மேக்3-இல் எழுதித் தர வேண்டும். அண்ணன் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. கார்டில் இருப்பது எந்தச் சிப் என்று கேட்டால், "பச்சைக் கலர்" என்பார். சில கார்டுகள் 3.3 வோல்ட்டோடு நின்றுவிடும். போர்ட்டுக்கும் மோட்டார் டிரைவருக்கும் நடுவில் உட்கார்ந்து 5 வோல்ட்டை நம்பியிருக்கும் பிரேக்அவுட் போர்டு அதை ஒரு நேரம் ஏற்கும், ஒரு நேரம் முறைக்கும். போதாததற்கு மேக்3-இன் போர்ட் டிரைவர் 32 பிட் விண்டோஸில்தான் வேலை செய்யும். 64 பிட் விண்டோஸில் எந்தக் கார்டு போட்டாலும் தண்டம்.

"அப்போ யுஎஸ்பி பிரிண்டர் கேபிள்?" என்பது அவருடைய அடுத்த அஸ்திரம். அதில் மென்பொருள் தட்டுவதற்கு முகவரியே கிடையாது. துடிப்பைத் தானே உண்டாக்கும் யுஎஸ்பி, ஈதர்நெட் கன்ட்ரோலர்கள் வேறு சாதி. புதிதாக மெஷின் போடுகிறவர் அதை வாங்குவதே நியாயம். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் அதைப் பொருத்த வயரிங்கும் செட்டிங்கும் மறுபடி செய்தாக வேண்டும், அதற்குள் கதவுக்கு முன்பணம் கொடுத்தவர் வாசலில் நிற்பார். எல்லாம் சொதப்பிய பிறகு அண்ணன் டீ கிளாஸை வைத்துவிட்டு, "எர்த்திங் பாத்தீங்களா?" என்பார். எரிச்சல் என்னவென்றால், சில சமயம் கோளாறு அங்கேதான் இருக்கும்.