நான் ஒண்ணுமே பண்ணலடே

"ஏடே, நான் ஒண்ணுமே பண்ணல, கேட்டியா?"

காலை ஆறேகால் மணிக்கு போனில் வந்த முதல் வாக்கியம் இது. எழுந்தாயா, காபி ஆச்சா என்ற விசாரிப்பெல்லாம் கிடையாது. என்ன நடந்தது என்று எனக்குத் தெரிவதற்கு முன்பே, நடந்ததற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று வாக்குமூலம் வந்துவிட்டது. பாளையங்கோட்டைப் பெரியப்பாவின் வழக்கம் அது. விஷயம் இரண்டாவது வாக்கியத்தில்தான் வரும்.

"நேத்து வரைக்கும் ஜம்முனு ஓடிச்சு. இன்னைக்கி எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சவம் சுத்திக்கிட்டே கெடக்கு."

இந்த ரகத்து மனிதர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு டாக்டர் முன்னால் உட்கார்ந்து, "ஒண்ணுமே சாப்பிடல டாக்டர்" என்பவரும் இவர்தான். தோண்டித் துருவினால், முந்தின நாள் கல்யாண வீட்டில் இரண்டு பந்தியில் உட்கார்ந்தது வெளியே வரும். "அது கல்யாணச் சாப்பாடுல்லா, அதை எப்படிக் கணக்குல சேக்க முடியும்?" என்பார். பொய் சொல்கிறவர் இல்லை. அவருடைய அகராதியில் 'பண்ணுவது' என்ற சொல்லுக்குப் பொருள் வேறு, அவ்வளவுதான். கேட்ட கேள்விக்கெல்லாம் 'ஓகே' அமுக்குவது, கீழே வந்த பச்சைப் பொத்தானைத் தொடுவது, 'டவுன்லோட்' என்று கொட்டை எழுத்தில் இருந்ததால் டவுன்லோட் செய்வது இதெல்லாம் 'பண்ணுவதில்' சேராது. அவை தானாக நடப்பவை, கொட்டாவி மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை வண்ணார்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். பெங்களூரில் இருக்கும் அண்ணன் விட்டுவிட்டுப் போன பழைய லேப்டாப், 4 ஜிபி ரேம். மேசைமேல் ஈரிழைத் துண்டு போர்த்திப் படுக்கவைத்திருந்தார். காய்ச்சல்காரப் பிள்ளையைக் காட்டுவதுபோலத் துண்டை மெல்ல விலக்கினார்.

"ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அதுலதான் உக்காந்திருக்காவ" என்று அடுக்களையிலிருந்து ஒரு சாட்சியம் வந்தது.

"ஏளா, நீ சும்மா கெட."

பெரியப்பா கருவூலத்தில் 33 வருடம் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். பணியில் இருந்த காலத்தில் ஒரு பில்லை ஒரே தடவையில் பாஸ் செய்தார் என்ற கெட்ட பெயர் அவருக்குக் கிடையாது. தசம புள்ளி இடம் மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அப்படிப்பட்டவர், ஓய்வு பெற்ற பிறகு, 'உங்களுக்கு அறிவிப்புகள் அனுப்பலாமா?' என்று கேட்ட ஒவ்வொரு இணையதளத்துக்கும் 'அனுமதி' கொடுத்திருக்கிறார். அமைப்புகளில் போய்ப் பார்த்தேன். பட்டியல் திரைக்கு அடங்காமல் கீழே ஓடியது. செய்தித்தாள், ஜோதிடம், தங்கம் விலை, யாரென்றே தெரியாத ரஷ்ய எழுத்துத் தளம் ஒன்று. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது கீழ் மூலையில் ஒரு பெட்டி எழும்பி, கணினியில் ஐந்து வைரஸ் இருப்பதாகச் சொல்லிவிட்டு மறைந்தது.

"இது என்ன பெரியப்பா?"

"அது டெய்லி வரும். நல்ல பய. ஞாபகப்படுத்திட்டுப் போவான்."

"எல்லாருக்கும் ஏன் அனுமதி குடுத்தீங்க?"

"கேக்கானுவல்லா? வாசல்ல வந்து நிக்கவன வேண்டாம்னு எப்படிடே சொல்லுதது?"

33 வருடம் வாசலில் நின்றவர்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ.

அறிவிப்பை விட்டுவிட்டு மேலே பார்த்தேன். டேப்கள். மொத்தம் 61. ஒவ்வொன்றும் எள்ளளவாகச் சுருங்கி, எது எதுவென்று சின்னத்தை வைத்துக்கூடச் சொல்ல முடியாத நிலை. ஓய்வூதிய அரசாணை ஒன்று. அதே அரசாணை மறுபடியும். மின்கட்டணம். ஒரே பத்திரிகையின் மூன்று நாள் மின்னிதழ். கும்பாபிஷேக நேரலை ஒன்று. அந்தக் கும்பாபிஷேகம் முடிந்து மண்டலாபிஷேகமும் ஆகிவிட்டது. மூட்டு வலிக்குப் பிரண்டை. பாதியில் நிற்கும் சுடோகு.

ஒன்றை மூடப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதெல்லாம் நடப்புக் கோப்புடே. மூடினா அப்புறம் ரெக்கார்டு ரூம்ல போய்த் தேடணும்."

இந்த இடத்தில் நான் கொஞ்சம் பாடம் எடுத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கணினி தெரிந்தவன் என்று பெயர் எடுத்தவனுக்கு இது ஒரு நோய். குரோம் 2008-இல் வந்தபோது ஒரு காரியம் செய்தார்கள் பெரியப்பா, டேப்களைத் தனித்தனி வேலையாகப் பிரித்துவிட்டார்கள். ஒன்று படுத்தால் மற்றது படுக்காது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனியாக மெமரி வேண்டும், என்றேன்.

பெரியப்பா யோசித்தார். "அதாவது ஒரு ஃபைலுக்கு ஒரு கிளார்க்கு."

"கிட்டத்தட்ட."

"61 கிளார்க்கா? சம்பளம் யாரு குடுக்கா?"

"ரேம்தான் குடுக்குது."

"பாவம்" என்றார். லேப்டாப்பின் முதுகைத் தடவிக்கூடக் கொடுத்தார். ஆனால் ஒரு டேப்பைக்கூட மூட விடவில்லை.

எனக்கு முன்பே இரண்டு வைத்தியர்கள் வந்து போயிருந்தார்கள். எதிர் வீட்டுப் பையன் டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து இருபது தடவை 'ரெஃப்ரெஷ்' கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். திரையில் இருக்கிற ஐகான்களை மறுபடி வரைவதைத் தவிர அது வேறொன்றும் செய்யாது என்றாலும், நம் ஊரில் அது ஒரு நேர்த்திக்கடன். கடைக்காரர் ஒருவர் போனிலேயே 'ரேம் போடணும், இல்லன்னா ஃபார்மட்' என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். இதற்கு நடுவில் யாரோ கேஷை அழிக்கச் சொல்லி, பெரியப்பா குக்கீயையும் சேர்த்து அழித்து, எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியே வந்து, பென்ஷன் தளத்தின் கேப்ட்சாவோடு ஒரு மாலை முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறார். கேஷ் என்பது ஒருமுறை இறக்கிய படத்தையும் எழுத்துருவையும் மறுமுறைக்கு எடுத்து வைக்கும் இடம். அது கெட்டுப்போயிருந்தால் அழிப்பதில் நியாயம் உண்டு. மற்றபடி, சமையல் சீக்கிரம் ஆகட்டும் என்று அரைத்து வைத்த சாம்பார் பொடியைக் கொட்டுகிற கதைதான்.

"சரி, இதெல்லாம் எதுக்குப் பண்ணீங்க?"

"நான் எங்கடே பண்ணுனேன்? அவன் சொன்னான், அமுக்குனேன்."

இந்த ரகத்து மனிதர்களைக் குறைவாக எடை போடக் கூடாது என்று நான் கற்றுக்கொண்டது அடுத்த ஐந்து நிமிடத்தில். பக்கம் ஒன்றைத் திறந்துவிட்டு இருவரும் அந்தச் சின்னச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒண்ணு கவனிச்சியா?" என்றார். "மொதல்ல அப்பிரதட்சணமாச் சுத்துது. ரெண்டு நொடிதான். அப்புறம் நிறம் மாறி பிரதட்சணமாச் சுத்துது. அதுலதான் நிக்குது, மணிக்கணக்கா."

நாற்பது வருடமாக நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி வருகிறவரின் கண். நான் இத்தனை வருடம் அந்தச் சக்கரத்தைப் பார்த்தும் திசையைப் பார்த்ததில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், தெரிந்ததுபோலத் தலையை ஆட்டிவிட்டு, என் போனில் தேடினேன். குரோமில் அது சாம்பல் நிறத்தில் இடப்பக்கமாகச் சுற்றினால் அந்தப் பக்கத்திலிருந்து பதிலுக்குக் காத்திருக்கிறது என்று அர்த்தம். பதில் வந்து பக்கம் இறங்கத் தொடங்கினால் நீலமாகி வலப்பக்கமாகத் திரும்பும். அதாவது பதில் உடனே வந்துவிடுகிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான். அதே வைஃபையில் என் போனில் எல்லாம் பறந்தது. ஆகவே நெட் மேல் பழி போட முடியாது.

அடுத்தது இன்காக்னிட்டோ. எக்ஸ்டென்ஷன்களுக்கு நாமாக அனுமதி கொடுத்தாலொழிய அந்த ஜன்னலுக்குள் நுழைய முடியாது. அங்கே வேகமாக ஓடினால் குற்றவாளி எக்ஸ்டென்ஷன் கூட்டத்தில் இருப்பதாகச் சந்தேகப்படலாம். நல்ல சோதனை, பத்து நொடியில் முடியும். ஆனால் திரை கறுத்து, தொப்பியும் கண்ணாடியுமாக ஓர் உருவம் வந்ததும் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாருடே இது, சிஐடியா?"

"தனி ஜன்னல் பெரியப்பா. இதுல பாக்கறது ஹிஸ்டரில பதியாது."

ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் அறைக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வந்தார். "ஏளா, காப்பி எடுத்துட்டு இங்க வா" என்று கூடத்துக்கும் கேட்கும்படி ஒரு குரல் கொடுத்தார். கறுப்பு ஜன்னல் திறந்திருந்த அத்தனை நேரமும் பெரியம்மா சாட்சியாகப் பக்கத்தில் நிற்க வேண்டியதாயிற்று.

அதில் பக்கங்கள் சட்டென்று திறந்தன. 61 டேப்பும் பின்னால் அப்படியே இருக்கும்போதே திறந்தன.

"பாத்தியா? எம் ஃபைலுவ மேல குத்தமில்ல."

அது உண்மைதான் என்பதால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல். எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்தேன். ஒன்பது இருந்தன.

"ஒம்பது எக்ஸ்டென்ஷனா?" பெரியப்பாவின் குரல் உடைந்தது. "எனக்கு ஒண்ணு கேட்டேன், ஆறு மாசத்துக்கு. தரலையே."

பிடிஎஃப்-ஐ வேர்டாக்குவது ஒன்று. தள்ளுபடிக் கூப்பன் தேடுவது ஒன்று. அவர் இணையத்தில் இதுவரை எதுவும் வாங்கியதில்லை. வானிலை. எமோஜி. விளம்பரம் தடுப்பவை இரண்டு. ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நின்றன. இன்னும் சில. எல்லாவற்றையும் அணைத்தேன். வேகம் வந்துவிட்டது. பிறகு ஒவ்வொன்றாக உயிர் கொடுத்து, ஒவ்வொரு தடவையும் அதே பக்கத்தைத் திறந்து பார்த்தோம்.

"அடையாள அணிவகுப்பு" என்றார் பெரியப்பா. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எட்டுப் பேர் தப்பித்தார்கள். ஒன்பதாவதை இயக்கியதும் சக்கரம் பிரதட்சணத்தில் இறங்கி, நிற்கவே இல்லை. மறுபடி அணைத்தால் பறந்தது. சும்மா இருக்கும் டேப்களைத் தூங்க வைத்து மெமரி மிச்சப்படுத்துகிறேன் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் அது. அதன் அனுமதிகளைப் பார்த்தேன்: எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கலாம், மாற்றலாம். அது கிடைக்கும் பக்கத்தில் பார்த்தால், நான்கு நாளைக்கு முன்புதான் புதுப்பிக்கப்பட்டிருந்தது.

நான் பிடித்துக்கொண்டேன். "இந்த மாதிரிச் சமாச்சாரத்தைக் கண்ணை மூடிக்கிட்டுப் போடலாமா? 'தி கிரேட் சஸ்பெண்டர்'னு ஒண்ணு இருந்தது. இதே வேலைதான், டேப்பைத் தூங்க வைக்கிறது. நல்ல பேரு. அதைச் செஞ்சவர் 2020-ல வேற யாருக்கோ வித்துட்டார். வாங்கினவங்க உள்ளே என்னத்தையோ நுழைச்சுட்டாங்க. 2021 பிப்ரவரியில கூகுளே தீங்கான நிரல்னு சொல்லித் தூக்கிருச்சு. போட்டவங்களுக்கு அதுவரைக்கும் ஒண்ணும் தெரியாது. அதுபாட்டுக்குப் பின்னாடி அப்டேட் ஆயிக்கிட்டே இருக்கும். இப்போ குரோம்லயே அந்த வசதி வந்தாச்சு, 2022 கடைசியிலயே. அதுக்கப்புறம் இது எதுக்கு?"

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதுபாட்டுக்கு அப்டேட் ஆயிருமா?"

"ஆமா."

"நான் எதையும் அமுக்காண்டாம்?"

"வேண்டாம்."

"அப்போ போன வாரம் நான் ஒண்ணுமே பண்ணலதான?"

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மையாக இருந்தது. நான் விடவில்லை. "போன வாரம் பண்ணல, சரி. இதை மொதல்ல போட்டது யாரு?"

அவர் பதில் சொல்லாமல் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். அட்டையில் சிவப்பு மையில் 'தன்பதிவேடு: கணினி' என்று எழுதியிருந்தது. எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பாஸ்வேர்டு மாற்றிய தேதி, சார்ஜர் வாங்கிய தேதி, மவுஸுக்குப் பேட்டரி போட்ட தேதி, எல்லாம் வரிசை எண்ணோடு. ஓர் இடத்தில் விரல் நின்றது. நோட்டை என் பக்கம் திருப்பினார்.

12.11.2023, ஞாயிறு, தீபாவளி. பொருள்: டேப் தூங்க வைக்கும் எக்ஸ்டென்ஷன் 1 போட்டது. பார்வை: தம்பி மகன் வாய்மொழி. குறிப்பு: 'இதைப் போட்டா பறக்கும், நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்' என்று தெரிவிக்கப்பட்டது.

கீழே, 'போட்டவர்' என்ற இடத்தில் ஒரு கையெழுத்து. அதிரசம் தின்ற கை. காகிதத்தில் எண்ணெய்க்கறை இன்னும் இருந்தது. கையெழுத்து என்னுடையது.

பெரியம்மா காபித் தம்ளரை எடுக்க வந்தவள் நின்று பார்த்தாள். லேப்டாப்பின் மூலையில் அந்த நல்ல பயல் மறுபடி எழும்பி, ஐந்து வைரஸ் என்று ஞாபகப்படுத்திவிட்டுப் போனான்.

"நான் ஒண்ணும்..." என்று ஆரம்பித்தேன்.

"இரு, இரு" என்றார் பெரியப்பா, பேனாவின் மூடியைக் கழற்றியபடி. "நிதானமாச் சொல்லு. எழுதிக்கிடுதேன்."