வயிற்றுக்கு மேலே நாலு பொத்தான்

நீலகிரியில் வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு என்ன உடுத்துவது என்ற கவலையே கிடையாது. அந்தக் கவலையை அவளுக்காக மற்ற எல்லோரும் பட்டு முடித்துவிட்டார்கள். கடைக்காரர் பட்டார், மாமியார் பட்டார், எஸ்டேட் நிர்வாகம் பட்டது, அரசாங்கமும் தன்னால் முடிந்த அளவு பட்டது. இத்தனை பேர் கூடி யோசித்ததன் பலனைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில் ஏதாவது ஒரு தேயிலைத் தோட்டத்தின் அருகே காலை நேரத்தில் நின்றால் போதும். அடியில் நைட்டி, அதன் மேல் புருஷனின் முழுக்கைச் சட்டை, அதன் மேல் ஸ்வெட்டர், தலையில் துண்டு, இடுப்பில் படங்கு, காலில் ரப்பர் பூட்ஸ். அடுக்கடுக்காக உடுத்துவதே இந்தக் குளிர்காலத்து மோஸ்தர் என்று வெளிநாட்டு நிபுணர்கள் வருஷா வருஷம் கண்டுபிடிக்கிறார்கள். நம் பெண்கள் அதைக் கொழுந்து பறித்துக்கொண்டே செய்துவிடுகிறார்கள்.

இந்த அடுக்குக்கு அஸ்திவாரம் நைட்டி. அதைத் தைத்தவரைப் பாராட்ட எனக்கு வார்த்தை போதாது. ரெடிமேட் கடையில் ஆறாம் மாதத்துப் பெண் ஒருத்தி போய் நின்றால், விற்கிற பெண் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "டபுள் எக்ஸெல் எடுத்துக்கோங்கக்கா, ஒன்பது மாசம் வரைக்கும் வரும், அப்புறமும் போட்டுக்கலாம்" என்பாள். எவ்வளவு தீர்க்கதரிசனம்! கர்ப்பத்தில் வயிறும் மார்பும்தான் பெருக்கும் என்று நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தோளும் கழுத்தும் கைநீளமும் கூடவே பெருக்கும் என்பது டபுள் எக்ஸெல்லைக் கண்டுபிடித்தவருக்குத் தெரிந்திருக்கிறது. பாவம், தோள்கள்தான் ஒத்துழைப்பதில்லை. அவை பழைய அளவிலேயே நின்றுவிடுவதால் கழுத்து ஒரு பக்கமாகச் சரிந்து முழங்கை வரை வருகிறது. முன்பக்கம் வயிற்றின் மேல் ஏறி ஒரு சாண் தூக்கிக்கொள்ள, பின்பக்கம் தரையைக் கூட்டுகிறது. மழைக்காலத்தில் தோட்டத் தொழிலாளர் லயத்துப் படிக்கட்டில் இறங்கும்போது விளக்குமாறு தனியாக வேண்டாம்.

துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பளபளக்கும் சாட்டின், கண்ணைப் பறிக்கும் பாலியஸ்டர். கர்ப்பத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறத்தாழப் பாதிப் பங்கு கூடிவிடுகிறது, அதனால் ஊட்டிக் குளிரிலும் நிறைமாதக்காரிக்கு முதுகில் வியர்க்கும். வியர்வையை உறிஞ்சிவிடும் பருத்தி என்றால் அது அந்தக் கணத்தோடு மறந்துபோகும். பாலியஸ்டர் அப்படி நன்றி கெட்டதல்ல. வாங்கிய ஈரத்தை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, காற்று வீசும்போதெல்லாம் ஞாபகப்படுத்தும். பருத்திக்கும் ஒரு குறை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்: ஜூலை மாதத்துத் தேவாலாவிலும் பந்தலூரிலும் அது நாலு நாளானாலும் காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் உலர்த்த வேண்டும். அப்புறம் குமட்டல் உள்ள பெண்ணுக்கு நாள் முழுக்கப் புகை வாசனை இலவசம்.

புருஷன் சட்டை வேறு ரகம். காலர் நைந்து, முழங்கை வெளுத்து, அவருக்கு இனி ஆகாது என்று ஆன பிறகே அது மனைவியின் பேறுகால உடையாகப் பதவி உயர்வு பெறுகிறது. கவாத்து வெட்டிய கிளை கையைக் கிழிக்காமல் இருக்க முழுக்கை உதவுகிறது, உண்மைதான். தோடர்களிடம் ஒரு சடங்கு உண்டு. கர்ப்பமாயிருக்கும் மனைவிக்குக் கணவன் வில்லும் அம்பும் கொடுத்து, பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தகப்பன் நான்தான் என்று ஊரறியச் செய்கிறான். நம்மவர் பழைய சட்டையைக் கொடுத்து அதையே அறிவித்துவிடுகிறார். செலவும் மிச்சம்.

ஸ்வெட்டரில்தான் கலைநயம் உச்சத்தைத் தொடுகிறது. ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் பக்கத்தில் திபெத்தியர் கடைகளில் குவிந்து கிடப்பவை எல்லாம் நேரான உடம்புக்குப் பின்னியவை. எட்டாம் மாதத்தில் மேலே நாலு பொத்தான் பூட்டலாம். வயிற்றுக்கு நேராக வரும் மூன்று பொத்தான்கள் ஒன்றையொன்று எட்டிப் பார்த்து நிற்கும். மார்புக்குக் கதகதப்பு, முதுகுக்குக் கதகதப்பு, வயிற்றுக்கு மட்டும் உறைபனிக் காற்று. ஜனவரியில் புல்வெளி வெள்ளையாக விடியும் ஊரில், பிள்ளை வெளியே வருவதற்கு முன்பே சீதோஷ்ணத்துக்குப் பழகிவிட வேண்டாமா? ஸ்வெட்டர் பின்னியவர்கள் பிள்ளையின் எதிர்காலத்தை யோசித்திருக்கிறார்கள்.

அடுத்தது படங்கு. தேயிலைச் செடியின் முரட்டுக் கிளையும் விடியற்காலை ஈரமும் உடம்பில் படாதபடி இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை சுற்றிக் கட்டும் தார்ப்பாய்த் துண்டு அது. இடுப்பு என்று ஒன்று இருக்கும் வரை அருமையான கண்டுபிடிப்பு. ஆறாம் மாதத்துக்கு மேல் அதைக் கட்டுவதற்கு இரண்டே இடம். வயிற்றுக்கு மேலே கட்டினால் சரிவில் ஏறும்போது மூச்சு முட்டும். கீழே கட்டினால் நிரையின் பாதியில் நழுவும், குனிந்து எடுக்கவும் முடியாது. எங்கே கட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை முழுக்க முழுக்கப் பெண்ணுக்கே விடப்பட்டிருக்கிறது. பெண்ணுரிமையை இதைவிட யாரால் மதிக்க முடியும்? கூடலூர்ப் பக்கத்து அட்டைகளுக்கும் இதில் பங்குண்டு. பூட்ஸுக்குள் இறங்கிய அட்டையைப் பார்க்க வேண்டுமானால் முதலில் சொந்தக் காலைப் பார்க்க வேண்டும். அந்தக் காட்சி ஐந்தாம் மாதத்தோடு மறைந்துவிடுகிறது. வீங்கிய காலை மதியம் பூட்ஸிலிருந்து உருவ இரண்டு பேர் சேர்ந்து இழுப்பதும் உண்டு. தோட்டத்தில் ஒற்றுமை வளர்கிறது.

சட்டத்தைக் குறை சொல்வது நன்றிகெட்டதனம். 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17ஆவது பிரிவு, மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு கொடுக்கச் சொல்லி மாநில அரசுகள் விதி செய்யலாம் என்று வகை செய்தது. வயிறு உள்ளவர், இல்லாதவர் என்று அதில் எந்த வேற்றுமையும் இருக்கவில்லை. மழை எல்லோர் மேலும் ஒன்றாகத்தானே பெய்கிறது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் இன்னும் தாராளமானது. பிரசவத் தேதிக்கு ஏறத்தாழப் பத்து வாரம் இருக்கும்போதிருந்து, அவளே வாய் திறந்து கேட்டுக்கொண்டால், கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ தரக் கூடாது என்றது. 2017இல் விடுப்பை 26 வாரமாக உயர்த்தினார்கள், அதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அதுவரை வரும் ஏழு மாதங்களில் வயிறு என்ற ஒன்று சட்டத்தின் கண்ணில் படுவதே இல்லை. இந்த நாசூக்கை வேறெங்கே பார்க்க முடியும்?

அரசுத் திட்டங்களின் கையோ இன்னும் பெரிது. கர்ப்பிணிகளுக்கான ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் சத்துமாவு, பேரீச்சம்பழம், நெய், இரும்புச்சத்து டானிக் எல்லாம் உண்டு, கூட ஒரு துண்டும் உண்டு. 2015இல் வந்த அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருட்கள்: பிள்ளைக்குச் சட்டை, துவாலை, மெத்தை, கொசுவலை, கிலுகிலுப்பை. தாய்க்குச் சோப்பும் கைகழுவும் திரவமும் சௌபாக்கிய சுண்டி லேகியமும். குளித்து, கைகழுவி, லேகியம் சாப்பிட்டவளுக்கு மேற்கொண்டு உடை எதற்கு? சமுதாய வளைகாப்பில் ஐந்து வகைச் சாதமும் வளையலும் சீர்த்தட்டும் கிடைக்கின்றன. பல ஊர்களில் புடவையும் தருகிறார்கள். புடவை என்றால் உள்பாவாடை, உள்பாவாடை என்றால் நாடா. நாடா எந்த நிலையிலும் தன் பிடியை விடாது. ஆண்டுக்கணக்கில் இறுக்கிக் கட்டிய இடம் புண்ணாகி, புண் புற்றாகிப்போன இரண்டு பெண்களைப் பற்றி 2024இல் வார்தாவையும் பீகாரையும் சேர்ந்த மருத்துவர்கள் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். அதற்கெல்லாம் அசருகிறவளா நம் நாடா!

பெட்டகத்துத் துண்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு மாமியார் பதில் வைத்திருக்கிறார். "வயிறு தெரியாம துண்டைப் போட்டுக்க, கண்ணு பட்டுடும்." எட்டு மாத வயிற்றை இரண்டு முழத் துண்டு மறைத்துவிடும் என்ற அந்த நம்பிக்கைதான் குடும்பத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில் தோகலபள்ளி என்ற ஊர்ப் பெரியவர்கள் 2018இல் பகல் முழுக்க நைட்டிக்குத் தடை விதித்து, மீறினால் 2,000 ரூபாய் அபராதம், காட்டிக்கொடுத்தால் 1,000 ரூபாய் பரிசு என்று தண்டோரா போட்டார்கள். நம் மலையில் அப்படியெல்லாம் கொடுமை இல்லை. துண்டு போட்டால் விட்டுவிடுகிறோம்.

இந்த மலையில் அழகான கர்ப்பகால உடை கிடைக்காது என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். கிடைக்கிறது, வாடகைக்கு. கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் தம்பதிகள் புகைப்படக்காரரோடு வந்து இறங்குகிறார்கள். வெளிர்ச் சிவப்பில் மூன்று கஜம் பின்னால் இழுபடும் கவுன், தோள் திறந்து, வயிறு வடிவாக எடுப்பாகத் தெரியும்படி தைத்தது. உதவியாள் ஒருவர் துணியை உதறிக் காற்றில் பறக்கவிட, படம் பிடிக்கப்படுகிறது. இரண்டு நிரை தள்ளி, நாலு பொத்தான் ஸ்வெட்டரோடு ஒருத்தி கொழுந்து பறித்துக்கொண்டிருந்தால், "கொஞ்சம் அந்தப் பக்கம் போங்கம்மா, ஃபிரேம்ல வர்றீங்க" என்று மரியாதையாகத்தான் சொல்கிறார்கள்.

நியூயார்க்கின் லேன் பிரையன்ட் கடைக்காரி நூறு வருஷத்துக்கு முன்பே, கர்ப்பிணி வீதியில் நடக்கவென்று இடுப்பில் எலாஸ்டிக் வைத்து உடை தைத்து, 1911இல் பத்திரிகையில் விளம்பரமும் கொடுத்தாளாம். அதற்கு முன்பு விளம்பரத்தைப் போட மறுத்த பத்திரிகைகள்தான் பண்பாடு தெரிந்தவை. அவற்றின் வாரிசு நாம்.

எல்லாம் இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும்போது, கடைவீதிக்குள் ஓர் ஒண்டுக்கடையில் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் தையற்கார அம்மாவின் அடாவடியை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யாரையும் கேட்காமல், புருஷன் சட்டையின் இரண்டு பக்கத் தையலையும் பிரித்து அக்குளிலிருந்து கீழே விரியும் முக்கோணத் துண்டு வைக்கிறார். நைட்டியைத் தோள் அளவுக்கே எடுக்கச் சொல்லி, நெஞ்சுக்குக் கீழே சுருக்கு வைத்து, முன்பக்கம் நாலு விரல் நீளம் கூட்டித் தருகிறார். பாவாடை நாடாவை உருவி எறிந்துவிட்டு அகல எலாஸ்டிக். ஸ்வெட்டரின் இடைவெளிக்குப் பழைய கம்பளியில் ஒரு பட்டை, ஓரத்தில் பொத்தான் துளை, பிள்ளை பிறந்ததும் கழற்றிக்கொள்ளலாம். பையும் வைக்கிறார், மாத்திரையும் மிட்டாயும் போட்டுக்கொள்ள. சாட்டின் கொண்டுபோனால், "இதை யாராச்சும் தோட்டத்துக்குப் போடுவாங்களா" என்று திருப்பிக் கொடுக்கும் திமிர் வேறு. கூலியாக வாங்குவது ஒரு டீ, வடை காசு. இப்படி ஆளுக்கு ஆள் உடம்பை அளந்து பார்த்துத் தைக்க ஆரம்பித்தால் டபுள் எக்ஸெல்லை யார் வாங்குவது? வியாபாரிகள் சங்கம் இதைச் சும்மா விடக் கூடாது.