விசில் ஊத ஓர் ஆள் வேண்டி விண்ணப்பம்

அனுப்புநர்:
இ-சேவைக் கடைக்காரன், தென்காசிப் பக்கம்.

பெறுநர்:
உயர்திரு வெளியீட்டு அதிகாரி அவர்கள், புதிய பதிப்புப் பிரிவு, தலைநகரம்.

பொருள்: ஒரே இரவில் ஊருக்கெல்லாம் புதிய பதிப்பை இறக்கியது – விசில் ஊத ஆள் கேட்டல் – சார்பு.

பார்வை: தங்கள் திரை காட்டும் 'சிறிது நேரம் கழித்து முயலவும்', நாள்: தினமும்.

ஐயா,

ஞாயிறு இரவு தாங்கள் இறக்கிய இ-சேவை மென்பொருளின் புதிய பதிப்பு கிடைக்கப் பெற்றோம். நிறம் நன்றாக இருக்கிறது. மாவட்டப் பட்டியலில் மட்டும் தென்காசியைக் காணோம். 2019 நவம்பர் 22-ல் பிரித்துக் கொடுத்த மாவட்டத்தை ஒரே ராத்திரியில் திருநெல்வேலியோடு திரும்பச் சேர்த்துவிட்டீர்கள். ஒரு போராட்டம் இல்லை, ஓர் அரசாணை இல்லை.

திங்கள் காலை நல்ல சாரல். முதல் ஆளாக வந்தது பீடி சுற்றும் ஆச்சி ஒருவர். கட்டைவிரலை முந்தானையில் துடைத்துக் கருவியில் வைத்தார். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தவர், "ஏய்யா, செக்கு மாதிரி சுத்துதே, எண்ணெய் எப்பய்யா வரும்?" என்றார். அந்தக் கேள்வியை அப்படியே தங்களுக்கு மேலனுப்புகிறேன்.

உதவி எண்ணில் கூப்பிட்டால், முன்னோட்டம் வெற்றி என்றார்கள். எங்கே ஓட்டினீர்கள் என்றேன். "இங்கதான் சார், எங்க ஆபீஸ்ல." ஏசி அறை, அறுபடாத இணையம், கீபோர்டு தவிர எதையும் தேய்க்காத விரல்கள். அங்கே ஓடாமல் போனால்தான் அதிசயம். இலை வெட்டி, தூள் வைத்து, நூல் சுற்றியே தேய்ந்த விரலில் ரேகையை எங்கே என்று தேடும் கருவி? அதில் சாரல் ஈரம் வேறு. அடுத்த தடவை சோதனைக்கு முதல் நூறு பேரைப் பொறுக்கும்போது எங்கள் ஆச்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். போதாதென்றால் சுரண்டையிலும் கடையநல்லூரிலும் ஆச்சிகள் உண்டு.

பதிப்பைக் கட்டம் கட்டமாக விடுவது எப்படி என்று கருத்தரங்கு வைக்கும் உத்தேசம் இருந்தால் குற்றாலத்தில் வையுங்கள், பயணப்படியும் தேறும். பேரருவியில் தண்ணீர் அளவாக விழுந்தால் எல்லோரும் குளிக்கலாம். பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் விசில். ஊதும் போலீஸ்காரர் அதற்காக நாலு மேசையில் கையெழுத்து வாங்குவதில்லை. "இப்பதான் சார் எண்ணெய் தேச்சேன்" என்று கெஞ்சுகிறவரும் எண்ணெய்த் தலையோடு வெளியேதான். ஓர் அருவியில் தடை இருக்க, இன்னொன்றில் குளிக்க விடும் நாளும் உண்டு. ஒன்று கெட்டால் எல்லாம் கெட வேண்டும் என்ற தங்கள் சமத்துவம் எங்கள் மலைக்கு இன்னும் எட்டவில்லை.

விசில் எதற்கு என்பதைக் கேலியாகச் சொல்ல வரவில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோயிற்று. மேலே கொட்டியது கீழே நின்றவர்களுக்குத் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஜூலை 19, வெள்ளிக்கிழமை, கணினி உலகிலும் ஒரு திடீர் வெள்ளம். கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சின்னக் கோப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு படுத்துவிட்டன. காரணம் பந்திக் கணக்குதான். பட்டியலில் 21 பேர், போட்டது 20 இலை. இருபத்தோராவது இலையைத் தேடிப்போன நிரல் இல்லாத இடத்தில் கைவைத்துக் குப்புற விழுந்தது. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். ஆனால், விழுந்த கணினி எழுந்தால்தானே திருத்தத்தை வாங்கும்? பலவற்றுக்கு ஆள் நேரில் போய், சேஃப் மோடில் திறந்து, கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இனி இந்தக் கோப்புகளையும் கட்டம் கட்டமாகவே விடுவோம் என்று அந்த நிறுவனம் சொன்னது அதற்குப் பிறகுதான். ஒரு செயலியை நூற்றில் இத்தனை பேருக்கு மட்டும் என்று விட்டுப் பார்த்து, வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்ளும் வசதி பிளே ஸ்டோரில் எப்போதோ வந்தாயிற்று.

பழைய பதிப்பையாவது திரும்பக் கொடுங்கள் என்று கேட்டேன். அழித்துவிட்டார்களாம். புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன்பே பழைய வீட்டுச் சாவியைச் சிற்றாற்றில் எறிந்த ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆகவே, அடுத்த பதிப்பை முதலில் தங்கள் அலுவலகச் சம்பளப் பட்டியலில் இறக்கிப் பார்க்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். ஒன்றாம் தேதி சம்பளம் ஏறிவிட்டால் எங்களுக்கு அனுப்பலாம். கூடவே, கெட்டது தெரிந்த உடனே நிறுத்த அதிகாரமுள்ள ஓர் ஆளை உட்கார வைக்கவும். ஆச்சியை வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். எந்த வியாழன் என்று சொல்லவில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடைக்காரன்.

இணைப்பு: விசில் – 1 (ஊதிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்).