தண்ணியில்லாக் காட்டிலிருந்து ஒரு பதில்

வீட்டில் உட்கார்ந்து என்னதான் செய்கிறீர்கள், எவ்வளவு நேரம் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று எல் அண்ட் டி நிறுவனத்தின் தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் தம் ஊழியர்களைக் கேட்ட காணொளி 2025 ஜனவரியில் நாடு முழுக்கச் சுற்றியது. வாரத்துக்கு 90 மணி நேரம் உழைக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டார். 2023-24 நிதியாண்டில் அவர் பெற்றது 51 கோடி ரூபாய். அவருடைய கம்பெனியின் நடுத்தர ஊழியர் வாங்குவதைப்போல 500 மடங்குக்கு மேல். இவ்வளவு பெரிய மனிதரின் கேள்விக்கு நாடு வெறும் மீம் போட்டுவிட்டு நகர்ந்தது மரியாதைக் குறைவு. பதில் சொல்லத் தகுதியுள்ள மாவட்டம் ஒன்று இருக்கிறது. அது பேசட்டும்.

ஐயா, ராமநாதபுரத்தில் மனைவியின் முகத்தை யாரும் அளவுக்கு மீறிப் பார்ப்பதில்லை. அந்தத் துர்ப்பழக்கம் இங்கே பரவவே இல்லை.

ராமேஸ்வரத்து விசைப்படகுக்காரருக்கு வாரத்தில் மூன்று நாள் கடல். மீதி நாள் நாட்டுப்படகுக்கு. மீன்துறை டோக்கன் கொடுத்தால் காலையில் கிளம்பி மறுநாள் காலையில் கரை திரும்புவார், இலங்கைக் கடற்படை குறுக்கே வராவிட்டால். வந்தால் யாழ்ப்பாணத்துச் சிறையிலோ வவுனியாவிலோ தங்கல். 2024-இல் மட்டும் இப்படிப் பிடிபட்ட இந்திய மீனவர்கள் 500 பேருக்கு மேல். 2018-இல் இலங்கை தன் சட்டத்தைத் திருத்தி, அபராதத்தைக் கோடிகளில் ஏற்றி வைத்திருக்கிறது. எங்கள் இழுவை மடி யாழ்ப்பாணத்து மீனவரின் வலையை அறுத்துவிட்டு வருவதையும் மறைப்பதற்கில்லை. அன்றைக்கு அவர் வீட்டிலும் அடுப்பு எரிவதில்லை. தங்கச்சிமடத்தில் புருஷன் முகத்தை மாதக்கணக்கில் பார்க்காமல் இருக்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் 90 மணி நேரத்தை அவர்கள் வீட்டுக்காரர்கள் எப்போதோ தாண்டிவிட்டார்கள்.

அரசாங்கம் மட்டும் கல்நெஞ்சுக்காரர் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளைக் கட்டிப்போட்டு, குடும்பத்தோடு இரு என்கிறது. அதற்கு 8,000 ரூபாய் நிவாரணம். வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 131 ரூபாய்ச் சொச்சம். தமிழ்நாட்டில் குடும்ப நேரத்துக்கு விலை நிர்ணயிக்கப்பட்டிருக்கும் ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும். அதுவும் மீனவனை நினைத்துக் கொடுத்ததில்லை. மீன்கள் குடும்பம் நடத்துவதற்காக விடப்படும் விடுமுறை அது; மீனவன் குடும்பம் நடத்துவது அதில் கிடைக்கும் உபரி.

கடல் வேண்டாம் என்றவர்கள் விமானம் ஏறினார்கள். கீழக்கரை, தொண்டி, திருவாடானை, முதுகுளத்தூர் என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் வளைகுடாக் காசில் எழும்பிய மாடி வீடு நிற்கும். கட்டியவர் அதில் தூங்கிய இரவுகளைவிடப் பெயின்ட் அடித்தவர் அங்கே இருந்த பகல்கள் அதிகம். பிள்ளைக்கு வாப்பா என்றால் செல்போனில் தெரிகிற ஆள். துபாயில் வாட்ஸ்அப் அழைப்புக்கும் தடை. வேறு செயலி தேடித்தான் மகள் முகத்தைப் பார்க்க வேண்டும். குடும்பத்தை இவ்வளவு கச்சிதமாக வேலையிலிருந்து பிரித்துவைத்த மாவட்டத்துக்குத் தொழில் கூட்டமைப்புகள் இன்னும் ஒரு விருது கொடுக்கவில்லை என்பது எங்கள் மனக்குறை.

2020 மார்ச்சில் வந்தது கொரோனா. சென்னை ஓஎம்ஆர் சாலையின் கண்ணாடிக் கட்டிடங்கள் பூட்டப்பட்டன. சிறுசேரியிலும் பெங்களூருவிலும் இருந்த பிள்ளைகள் மடிக்கணினியோடு பரமக்குடிக்கும் மண்டபத்துக்கும் வந்து சேர்ந்தார்கள். மொட்டை மாடியில் சிக்னல் பிடித்தார்கள். கரண்டு போனால் ஓடுவதற்குச் சொந்தக் காசில் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். வேலை நின்றதா? இல்லை. பல கம்பெனிகளின் லாபம் ஏறியது. வாடகை மிச்சம், மின்கட்டணம் மிச்சம், ஊழியரை ஏற்றி இறக்கும் வண்டி மிச்சம். டிசிஎஸ் நிறுவனம் அந்த ஏப்ரலிலேயே அறிவித்தது: 2025-க்குள் எந்த நேரத்திலும் 25 சதவீத ஊழியர்கள் மட்டும் அலுவலகத்தில் இருந்தால் போதும்.

ஊரில் கிழவிகள் சாமிக்கு நேர்ந்துகொண்டார்கள். பேரன் இனி இங்கேயே இருப்பான்.

இருந்தான். எப்படி இருந்தான் என்பதையும் சொல்ல வேண்டும். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவன் இரவு பதினொன்றுக்கும் எழவில்லை. அமெரிக்கக்காரனுக்குப் பொழுது விடிந்தால் இவனுக்கு மீட்டிங். அப்பத்தா சாப்பிடக் கூப்பிட்டால் கையைக் காட்டினான். ஆஸ்பத்திரியில் அப்பா படுத்திருக்க, வராந்தாவில் உட்கார்ந்து பிழை திருத்தினான். அலுவலகத்துக்கு ஒரு வாசல் இருந்தது, வெளியே வந்தால் வேலை முடிந்தது என்று பொருள். வீட்டுக்கு வந்த அலுவலகத்துக்கு வாசலே இல்லை. நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று மேலாளர் மின்னஞ்சல் அனுப்புவார். சம்பள உயர்வு கேட்ட அன்றைக்கு மட்டும் பங்காளி ஆகிவிடுவார்.

குடும்ப நேரம் கூடியதாகக் கணக்கெழுதிய ஆண்கள் வீட்டில் இன்னொரு கணக்கும் ஓடியது. மகாராசா அறையைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்கிறார் என்பதால் பிள்ளைகள் வாயைப் பொத்தியது மனைவி. மூன்று வேளைச் சாப்பாடும் நான்கு வேளை டீயும் கதவு தட்டிக் கொடுத்தது மனைவி. அவளும் ஐடியில் இருந்தால் தன் மீட்டிங்கை அடுப்படியில் வைத்துக்கொண்டாள். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது: சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிறவர்களில் நாளொன்றுக்குப் பெண் செலவிடுவது 289 நிமிடம், ஆண் செலவிடுவது 88. மனைவி முகத்தைப் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்பட்ட பெரியவர், அந்த முகம் எந்நேரமும் அடுப்பைப் பார்த்துத் திரும்பியிருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது ஒரு வரி சேர்த்தார்கள். 26 வார விடுப்பு முடிந்தபின், வேலையின் தன்மை இடம்கொடுத்தால், முதலாளியும் தாயும் ஒத்துக்கொள்ளும் நிபந்தனைகளில் அவள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். ஒத்துக்கொள்ள வேண்டும், பார்த்தீர்களா. கைக்குழந்தைக்காரிக்கும் கார்ப்பரேட்டுக்கும் நடுவே சரிசமமான பேச்சுவார்த்தை. ஆட்டுக்குட்டிக்கும் அரிவாளுக்கும் இடையே நடக்கும் ஒப்பந்தம் மாதிரி.

பிறகு கொரோனா போனது, கம்பெனிகளுக்குப் பண்பாடு திரும்பி வந்தது. நேரில் கூடினால்தான் புதுமை பிறக்கும், வீட்டிலிருந்தால் இளைஞர்கள் கெட்டுப்போவார்கள் என்று மேடைதோறும் உபதேசம். இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில் வாரத்துக்கு 70 மணி நேரம் கேட்டார். அதே அக்டோபரில் டிசிஎஸ் வாரம் ஐந்து நாளும் ஆபீசுக்கு வா என்றது. அடுத்த வருஷம் வருகைப்பதிவை ஊக்கத்தொகையோடு முடிச்சுப்போட்டது. ராமேஸ்வரம் தீவுப் பிள்ளைகளுக்கு இதில் தனி வேடிக்கை. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6-இல் புதுப் பாலம் திறக்கும்வரை தீவுக்கு ரயிலே கிடையாது. ரயில் இல்லாத காலமாகப் பார்த்துத்தான் உடனே கிளம்பி வா என்று உத்தரவு வந்தது. 25 சதவீதம் போதும் என்ற அந்த 2025-உம் வந்தது. ஜூலையில் டிசிஎஸ் அறிவித்தது: 12,000 பேருக்கு மேல் வேலைநீக்கம். சொன்ன சொல் தவறவில்லை. அத்தனை பேரும் அலுவலகத்துக்கு வராமல் வீட்டிலேயே இருக்கலாம்.

அரசாங்கங்களின் யோக்கியதையையும் பார்ப்போம். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்நாட்டில் ஓர் அதிகாரியை மிரட்ட வேண்டுமென்றால், தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கியடித்துவிடுவேன் என்பார்கள். அந்தக் காடு நாங்கள்தான். லஞ்சம் வாங்கி மாட்டியவனையும், வாங்க மறுத்து மாட்டியவனையும் எங்கள் தலையில் கட்டினார்கள். வந்தவர் குடும்பத்தை மதுரையில் விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை மத்தியானமே பேருந்து நிலையத்தில் நிற்பார். யாரும் இருக்க விரும்பாத ஊர் என்று முத்திரை குத்திய இதே ஊரில்தான் ஆயிரக்கணக்கான படித்த பிள்ளைகள் நாங்கள் இருந்துகொள்கிறோம் என்றார்கள். அதைப் பிடித்துக்கொள்ள ஒரு கை நீளவில்லை.

நகரத்து வசதிகளைக் கிராமத்துக்குக் கொண்டுபோக வேண்டும், பிழைப்புக்காக யாரும் ஊரைவிட்டு ஓடக்கூடாது என்று ‘புரா’ திட்டத்தைக் குடியரசுத் தலைவராக இருந்துகொண்டு ஊர் ஊராகச் சொன்னவர் ராமேஸ்வரத்துக்காரர், அப்துல் கலாம். 2017-இல் பேய்க்கரும்பில் அவருக்கு நினைவகம் திறந்தார்கள். சிலை வைத்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள். அடுத்த வருஷமே நிதி ஆயோக் எங்கள் மாவட்டத்தை ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலில் சேர்த்தது. பின்தங்கிய மாவட்டம் என்பதை எவ்வளவு நாகரிகமாகச் சொல்கிறார்கள்! கலாமின் உருவத்தை வாங்கிக்கொண்டு யோசனையைத் திருப்பி அனுப்பிய தேசம் இது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, வீட்டிலிருந்து வேலை கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தால் சாயல்குடிப் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே பெண்கள் பாட்டி காலத்திலிருந்தே வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறார்கள். பனையோலையை நனைத்து, வகிர்ந்து, பெட்டி முடைகிறார்கள். எண்ணிக்கைக்குக் கூலி. விடுமுறை இல்லை, வைப்பு நிதி இல்லை, இடுப்பு வலிக்கு மருத்துவக் காப்பீடு இல்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும் கை ஓலையில். சின்னப்பாலத்துப் பெண்களுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி, பாறையில் பாசி எடுத்து வந்து, அதன்பிறகு உலை வைக்க வேண்டும். 1986-இல் 21 தீவுகளைத் தேசியப் பூங்கா ஆக்கியதிலிருந்து வனத்துறைக்கும் பயப்பட வேண்டும். வீட்டிலிருந்து உழைப்பவரும் தொழிலாளியே என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் 177-ஆவது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா இன்றுவரை அதை ஏற்கவில்லை. நேர வரம்பில்லாமல் வீட்டில் செய்யும் வேலை எதுவானாலும் ஓலைப்பெட்டி வேலைதான். மடிக்கணினிக்குச் சம்பளம் கூட, அவ்வளவே.

ஆகவே வீடா அலுவலகமா என்பதல்ல வழக்கு. நேரம் யாருடையது என்பதே வழக்கு. அந்த வழக்கைத் தமிழ்நாட்டில் தொடங்கிவைத்தவரும் ஒரு கடற்கரைக்காரர். மீனவக் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர் 1923-இல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். சரியாக நூறு வருஷம் கழித்து, 2023 ஏப்ரல் 21-இல், அவருடைய மாநிலத்துச் சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றி நூற்றாண்டு விழா எடுத்தது. தொழிற்சங்கங்கள் கொதித்து எழுந்ததால் மூன்றே நாளில் நிறுத்திவைத்து, மே தினத்தன்று வாபஸ் என்றார்கள். வேலை நேரம் முடிந்தபின் வரும் அழைப்பை எடுக்க மறுக்கும் உரிமைக்காக மக்களவை உறுப்பினர் சுப்ரியா சுலே முன்பு ஒருமுறையும் 2025 டிசம்பரில் மறுபடியும் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 1970-க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் இந்த நாட்டில் சட்டமானதில்லை. பிரான்சில் அந்த உரிமை 2017-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அங்கே யாரும் மனைவி முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பொருளாதாரத்தை மூழ்கடித்ததாகச் செய்தி இல்லை.

குடும்பத்தோடு இருக்க நேரம் கொடுங்கள் என்று கும்பிட்டுக் கேட்பதை முதலில் நிறுத்த வேண்டும். அந்த நேரம் அவர்கள் கொடுத்ததல்ல, எடுத்தது. கூலி கொடுத்தது எட்டு மணி நேரத்துக்கு. ஒன்பதாவது மணிக்கும் கூடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தால், அவன் முதலாளி இல்லை, அத்துமீறி நுழைந்தவன். அவனை வெளியேற்றச் சட்டம் போடுங்கள். முடியாதென்றால், அடுத்த தேர்தலுக்கு எங்கள் வாசலில் வந்து நின்று, உங்கள் வீட்டுப் பிள்ளை என்று மட்டும் சொல்லாதீர்கள்.