பாலாற்றை அளப்பவர்

மின்னணுப் பொறியியலில் எம்.இ. படிக்கிறவர், மூன்றாம் பருவம் பிறந்ததும், முதற்கட்டம், இரண்டாம் கட்டம் என இரு காண்டங்களாக விதிக்கப்பட்ட ப்ராஜெக்டுக்கு ஒரு விஷயத்தைத் தேடிக்கொண்டு புறப்படுவது எங்கும் உள்ள சம்பிரதாயமே. ஆனால் வேலூர் வட்டாரத்தில் அவருக்குத் தேடும் சிரமம் கிடையாது. பாலாறு இருக்கிறது. அதில் கலக்கும் தோல் ஆலைகளின் கழிவுநீர் பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது முதல், அந்த ஆற்றை ரட்சிக்கும் பொறுப்பு நீதிபதிகளுக்கு அடுத்தபடியாக இவர் தலையில்தான் விழுந்திருக்கிறது என்று நினைக்கும்படி, ஆண்டுதோறும் ஏதாவதொரு கல்லூரியில் யாராவது ஒருவர் அதை அளந்துகொண்டே இருக்கிறார்.

நம் கதாநாயகர் சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்று, பேரம் பேசி, ஆர்டுவினோ என்னும் மின்னணுப் பலகை ஒன்றும், நீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். சென்சார் ஒன்றும் வாங்கி வருகிறார். கைடு என்னும் வழிகாட்டிப் பேராசிரியர் அவற்றை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ப்ராஜெக்டுக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்ட ஆய்வுக் கட்டுரையைக் குறித்து, 'பேஸ் பேப்பர் எந்த வருஷம்?' என்பதொன்றே அவர் கேட்கும் கேள்வி. (பழைய பேப்பரானால் ஆற்றில் ஓடுவதும் பழைய தண்ணீர் என்று அவர் கருதுகிறார் போலும்.)

பிறகு ஆம்பூர் யாத்திரை. அங்கே தோல் ஷாப் என்று அழைக்கப்படும் ஆலையில், பதனிடும் டிரம்மிலிருந்து எடுத்த தோலின் ஓரத்தை நறுக்கிக் கொதிநீரில் போட்டு, அது சுருங்காவிட்டால் குரோமியம் நன்றாக ஏறிவிட்டது என்று கணப்பொழுதில் தீர்மானிக்கிற மேஸ்திரி, இவருடைய வயர்களைக் கருணையோடு நோக்குகிறார்.

"இது என்னா பண்ணும் தம்பி?"

"தண்ணியிலே உப்பு எவ்வளவுன்னு சொல்லும் பாய்."

"அதுக்கு மிசின் எதுக்கு? தோல் கெடாம இருக்கப் போட்ட உப்புதானே, ஊறப்போட்டா தண்ணியிலே எறங்குது!"

இந்த ஞானோபதேசத்தை அறிக்கையின் எந்த அத்தியாயத்தில் சேர்ப்பதென்று தெரியாமல், அவர் சென்சாரை ஊறல் தொட்டியில் இறக்குகிறார். வெளியேற்றும் நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது விதி. ஊறல் நீரிலோ அது பல்லாயிரம். அவர் வாங்கிய மலிவுக் கருவிக்கு ஆயிரம் வரைக்குமே எண்ணத் தெரியும். ஆகவே சட்டத்தை மீறிய நீர், சட்டத்துக்கு அடங்கிய நீர், இரண்டுக்கும் அது ஒரே எண்ணைச் சமதர்ம நோக்கோடு காட்ட, வரைபடத்தில் கோடு நேராக ஓடுகிறது. கருவியின் அசைக்கமுடியாத ஸ்திரத்தன்மைக்கு இதுவே பிரத்தியட்சப் பிரமாணம் என்று அறிக்கையில் எழுதுகிறார். கைடு அந்த வாக்கியத்துக்கு மட்டும் சிவப்பு மையில் 'குட்' போட்டதாகச் சொல்கிறார்கள்.

வைவா தினத்தன்று பாலாறு ஒரு கண்ணாடி டம்ளருக்குள் அடங்கிவிடுகிறது. விடுதிச் சமையலறை உப்பை ஒரு சிட்டிகை போட்டதும் கைப்பேசியில் எண் ஏறுகிறது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், மதிய ரயிலை உத்தேசித்து, திருப்தியுடன் கையெழுத்திடுகிறார்.

பொறியாளர் பெங்களூரில் ஒரு வங்கியின் மென்பொருளைப் பரிபாலிக்கச் சென்றுவிட்டார். பலகையும் சென்சாரும் பாதி விலைக்கு ஜூனியரிடம் போயின; அவர் தலைப்பில் 'இயந்திரக் கற்றல்' என்ற இரு சொற்களைச் சேர்த்து, முதல் ரிவ்யூவுக்குத் தேதி வாங்கியிருப்பதாகக் கேள்வி.